அப்பாவைக் கடற்கரையில் விடும் வேலை

கலிஃபோர்னியாவில் மில்பிடாஸிலிருந்து ஒயின் டூர் வேன் ஓட்டும் எனக்கு மலைப்பாதை ஒரு பிரச்சினையே இல்லை. யார் யாருக்குத் தெரியாமல் குடிக்கிறார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

முன்பு சிப் கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். லேஆஃப் ஆனதும் வேன் வாங்கினேன். வீக்எண்டில் நம்மவர்களை சான்டா குரூஸ் பக்கம் அழைத்துப் போவேன். மேலே திராட்சைத் தோட்டம், கீழே கடல், நல்ல வெயில். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை பீச்சில் மடக்கு நாற்காலி, பிளாஸ்க் காபியோடு உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளை மேலே ஒயின் ருசி பார்க்கும் டேஸ்டிங் ரூமில் இறக்குவேன். முடிந்ததும் வாடை போக ஆளுக்கு இரண்டு ஏலக்காயை மெல்லக் கொடுத்துக் கீழே கொண்டுவந்து சேர்ப்பேன். இதற்கு ஸ்ப்ளிட் டூர் என்று பெயர். நான் வைத்ததுதான்.

ரகு என்று ஒருவர் புக் பண்ணினார். ஐம்பது வயது, பெரிய கம்பெனியில் டைரக்டர். போனிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், அப்பா முன்னாடி நான் குடிச்சதே இல்ல. அம்மா போனப்புறம் அவர் ஊர்ல தனியா இருக்கார். கிரீன் கார்டு அப்ளை பண்றேன், எங்களோடயே இருந்துடுங்கன்னு கேட்டிருக்கேன். இன்னும் பதில் சொல்லல. இந்த நேரத்துல மாட்டினா, அடுத்த ஃபிளைட்ல கிளம்பிடுவார்."

"கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அன்று ரகுவின் அப்பாவை பீச்சில் உட்கார வைத்து, ரகுவையும் அவர் மனைவி சுதாவையும் மேலே இறக்கிவிட்டு, பெரியவரிடம் திரும்பி வந்தேன். அவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். சீகல் பறவை ஒன்று இறங்கி, பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போனது.

"என்ன தம்பி இது, மனுஷன்னா பயமே இல்லையா? இங்க உக்கார முடியாது. பசங்க எங்க?"

"தோட்டம் பாத்துட்டிருக்காங்க ஐயா."

"அப்ப நானும் தோட்டம் பாக்கறேன். வண்டியை எடு."

ரகுவுக்கு போன் பண்ணினேன். மேலே சிக்னல் இல்லை.

நாங்கள் போனபோது ரகு கிளாஸைத் தூக்கி வெயிலில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸுக்குப் பின்னால் அப்பா தெரிந்தார். ஒரே நொடியில் அதைச் சுதாவின் கையில் திணித்துவிட்டார். சுதாவின் இன்னொரு கையில் ஏற்கெனவே ஒரு கிளாஸ் இருந்தது.

"என்னம்மா, ரெண்டு கையிலயும்?" என்றார் பெரியவர்.

சுதா புருஷனைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

"ஆமாம் மாமா. ரெண்டும் என்னுதுதான்."

ரகு அதோடு விட்டிருக்கலாம். "இவளுக்கு ஒயின்னா கொஞ்சம் பிடிக்கும்ப்பா. நான் சும்மா கம்பெனி குடுக்க வந்தேன்" என்றார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. சுதா உட்கார்ந்து தன் கிளாஸைக் காலி பண்ணினாள். பிறகு அவருடையதையும் நிதானமாகக் காலி பண்ணினாள். பெரியவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெதுவாக் குடிம்மா. வெயில் வேற."

திரும்பும்போது சுதா மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரகு கடைசி சீட்டில் தனியாக இருந்தார். ஃப்ரீவே பாதி தாண்டியதும் ரகுவுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, அதுல ஒரு கிளாஸ் என்னுதுப்பா."

"தெரியும்டா. அதை எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்ட சொல்லு."

"சாரி சுதா."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள் சுதா.

போச்சு, பெரியவர் இன்றைக்கே பெட்டி கட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி மகனைப் பார்த்தார்.

"கிரீன் கார்டுன்னு ஏதோ சொன்னியே, அப்ளை பண்ணிடு. உன்னை நம்பி இவளை விட்டுட்டு நான் ஊருக்குப் போறதா இல்ல."

சுதா அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. லேன் மாறுவதுபோல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்ப்ளிட் டூரை அன்றோடு நிறுத்திவிட்டேன். குடும்பமாக வந்தால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இறங்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் கேன்சல் பண்ணிவிடுகிறார்கள். மீதிப் பேர் வந்து சண்டை போடுகிறார்கள். வீடு திரும்பும்போது பேசிக்கொண்டே போகிறார்கள்.