பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் மாலை எங்கள் ராயபுரம் கோயிலில் ஃபாதர் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். இயேசு சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக. ஆனால் அழுக்குக் காலோடு யாரும் அங்கே போய் உட்காருவதில்லை. வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் பூசிக்கொண்டுதான் போவார்கள். ஃபாதர் கழுவுவது ஏற்கெனவே கழுவிய கால்களைத்தான்.

அந்த வரிசையில் ஒருமுறையாவது நான் உட்கார வேண்டும், அம்மா அதைப் பார்க்க வேண்டும். அதுதான் என் ஆசை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோயிலில் மைக் கட்டுகிறேன், பெஞ்சு துடைக்கிறேன். எந்த ஃபாதரின் கண்ணிலும் நான் பட்டதில்லை. இந்த வருஷம் ஒரு நாற்காலி காலியானது. அதை என் தம்பிக்குக் கொடுத்தார்கள்.

ஹார்பரில் மூட்டை தூக்கி, கூலியைக் குடித்தே தீர்த்தவன் அவன். அம்மாவின் கம்மலை விற்றவன். குடியை விட்டு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேன். ஞாயிறு பூசையில் அவன் பெயரை வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக அவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை. அழவைக்கிற மாதிரி நான் எதுவும் செய்யாததுதான் தப்பு போலிருக்கிறது.

வியாழக்கிழமை அவன் டூட்டி முடிந்து நேராக வந்தான். கோயில் வாசலில் என்னைத் தனியே இழுத்தான்.

"அண்ணாத்தே, காலு கலீஜா கீது. சுகர் புண்ணு, ஆற மாட்டேங்குது. நாத்தம் வேற. நீ போய் குந்திக்கோ."

எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இவன் விட்டுக்கொடுத்தா எனக்கு நாற்காலி கிடைக்க வேண்டும்? அதோடு, அந்தக் காலைப் பார்த்து ஃபாதர் முகம் சுளிப்பதை அம்மாவும் பார்க்கட்டும் என்று இருந்தது.

"உன்னத்தான கூப்டாங்கோ. நீயே போ," என்றேன்.

பதினோரு பேரின் கால்களை ஃபாதர் மளமளவென்று முடித்தார். தம்பியிடம் வந்ததும் துணிக்கட்டை மெதுவாகப் பிரித்தார். வாடை முதல் பெஞ்சு வரை வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தம்பி சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். ஆண்டவரே, எனக்கு அந்தப் புண்ணின் மேலேயே பொறாமை வந்தது.

பூசை முடிந்ததும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். தம்பி வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். பழைய கட்டு நனைந்து வீணாகியிருந்தது.

"கொஞ்சம் கட்டி வுடு அண்ணாத்தே," என்று காலை நீட்டினான்.

மண்டியிட்டேன். கைக்குட்டையை மடித்துப் புண்ணின் மேல் வைத்துச் சுற்றினேன். கசிந்தது விரலில் பட்டது, இஸ்திரி போட்ட சட்டையிலும் பட்டது. முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, தம்பியைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.