சக்கரம் செய்த மரக்கூடு

என் அக்கா புருஷனை ஆபீஸில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று யாரோ ஆரம்பித்து வைத்தது, அப்படியே நின்றுவிட்டது. நான் அத்தான் என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் எனக்கும் அவர் சக்கரம்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓடவிட்டுவிட்டு, தான் மட்டும் படிக்கட்டில் ஓடுவார். பெட்டிக்குள் சும்மா நின்றுகொண்டு மேலே போவது அவருக்குப் பொறுக்காது. சாப்பிடுவது நின்றுகொண்டு, பேப்பர் படிப்பது நடந்துகொண்டு. பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உட்காருங்கள் உட்காருங்கள் என்று அப்பா கெஞ்சியும் உட்காராமல், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டுப் போனார். அந்த மின்விசிறிக்காகத்தான் அக்கா தலையாட்டினாள் என்று நான் இன்றைக்கும் அவளைச் சீண்டுவதுண்டு.

அந்த மனுஷன் ஒருநாள் லிஃப்ட் பெட்டியின் கூரையிலிருந்து தளத்துக்குத் தாவினார். இறங்க ஏணி இருந்தது. ஏணியில் இறங்கினால் நேரமாகுமாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அத்தான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். மூன்றாவது வாரம், அக்கா பள்ளி வேன் ஓட்டப் போயிருந்த நேரத்தில், ஜன்னல் கதவு கிரீச்சிடுகிறது என்று எண்ணெய் போட எழுந்தார். சேரத் தொடங்கியிருந்த எலும்பு விலகிவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கத்தி. இந்த முறை டாக்டர் அவரிடம் பேசவே இல்லை. அக்காவை வெளியே அழைத்து, இன்னொரு தடவை எழுந்தால் கால் கட்டையாகிவிடும், ஏறி இறங்குகிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்.

வேன் நிறையப் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு ஒரு புருஷனை அடக்க முடியவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? படுத்த இடத்தில் நல்ல காலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருப்பார். கட்டில் சுவரில் இடித்து இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. இவள் வேனில் போய்க்கொண்டே ஒவ்வொரு நிறுத்தத்திலும் போன் போட்டு, படுத்திருக்கிறீர்களா என்று கேட்பாள். படுத்திருக்கிறேன் என்பார். குரல் நின்றுகொண்டு பேசுவது மாதிரி இருக்கிறதே என்று அடுத்த நிறுத்தத்தில் மறுபடி கேட்பாள். கடைசியில் என்னிடம் வந்து, அந்த ஆளின் கையில் எதையாவது கொடுத்து உட்கார வை என்று அழுதாள்.

நான் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். யாரோ வண்டிச் சக்கரத்தில் விட்டு நசுக்கிய, கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் ஒன்று கடையில் கிடந்தது. பிளாஸ்டிக் கூடு நொறுங்கியிருந்ததே தவிர, உள்ளே போர்டும் திரையும் உயிரோடுதான் இருந்தன. அதை அப்படியே அம்மணமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கார் பந்தயம் ஒன்று விளையாடினார். மறுநாளே தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். "ஓடுறது காருதானே, நான் இல்லையே" என்றார்.

வேறு கூடு வாங்கிப் போட்டுத் தருகிறேன் என்று நான் எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கம்பிகள் தொங்கும் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பழைய அலமாரியின் இழுப்பறை முகப்பைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். நல்ல கெட்டி மரம். உளி, அரம், உப்புத்தாள், நுணுக்கமாக அளவு பார்க்கும் அவருடைய வெர்னியர் எல்லாம் கட்டிலுக்கு வந்தன. மடியில் சாப்பாட்டுத் தட்டு ஏந்துகிற பலகையை வைத்துக்கொண்டு மரத்தைக் குடைய ஆரம்பித்தார். வேலியில் போன ஓணானை நான்தான் எடுத்து மடியில் விட்டேன் என்று அக்கா படுக்கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அத்தானின் கால் ஆடவில்லை.

கூட்டுக்கு இரண்டு மூடி. பின் மூடி சுலபம், பேட்டரிக்கும் போர்டுக்கும் பள்ளம் தோண்டினால் போதும். முன் மூடிதான் பிடிவாதம் பிடிக்கும். திரைக்கு ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும், பட்டன்களுக்குத் துளை போட வேண்டும். துளை இறுக்கமாக இருந்தால் அழுத்திய பட்டன் மேலே வராது. கொஞ்சம் பெரிதாகிவிட்டாலோ பட்டன் சாய்ந்து விளிம்பில் மாட்டிக்கொள்ளும். தலைமுடி கனம் இந்தப் பக்கம், தலைமுடி கனம் அந்தப் பக்கம். லிஃப்ட் பிரேக்குக்கு இடைவெளி வைத்துப் பழகிய கைக்கு இதெல்லாம் வெல்லம். காலையில் கண்ணைத் திறந்ததும் அரத்தைத் தேடுவார். அவர் போன வேகத்தில் வாரக் கடைசிக்குள் கூடு முடிந்திருக்கும்.

அதுதான் அக்காவுக்குப் பயம். விளையாட்டில் அவருக்கு அக்கறை இல்லை, செய்வதில்தான் அக்கறை. செய்து முடித்த மறு நிமிடம் அடுத்த ஜன்னலுக்கு எண்ணெய் போட எழுந்துவிடுவார். எலும்பு சேர இன்னும் நாள் கிடந்தது. அந்த நேரத்தில்தான், படுக்கையைத் தட்ட மடிப் பலகையைத் தூக்கியபோது, அவள் கையிலிருந்து முன் மூடி நழுவி விழுந்து துளைகளுக்கு நடுவே பிளந்தது. அத்தான் கோபிக்கவே இல்லை. மரம் அந்த இடத்தில் மெலிசு, நான்தான் யோசித்திருக்க வேண்டும் என்று அடுத்த துண்டை எடுத்தார். இன்னும் ஒரு வாரம் அசையாமல் படுத்திருந்தார்.

இரண்டாவது மூடியில் பட்டன்கள் ஆட்டம் கண்டன. மூன்றாவதிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் அப்படியே. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நான் போகும்போதெல்லாம், அத்தான் வெர்னியரைத் துளைக்குள் விட்டு முறைத்துக்கொண்டிருப்பார். காலையில் அளந்தபோது சரியாக இருந்தது என்பார். இப்போது இடது பக்கம் மட்டும் தின்றிருக்கிறது, பார் என்று என்னிடம் நீட்டுவார். நானும் பார்த்தேன், உண்மைதான்.

ஒருநாள் மத்தியானம், விட்டுவிட்டு வந்த ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் போனேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அக்கா, பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி, மூடியின் துளைக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. முகம் வெளுத்துப் போனாலும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"முடிச்சா எந்திரிச்சிருவாருடி" என்றாள். "எந்திரிச்சா காலு போயிரும். வேற என்ன பண்ணச் சொல்ற?"

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தேன். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தேன். காலையில் அவர் செய்வதும் மத்தியானம் இவள் கெடுப்பதுமாக எலும்பு சேர்ந்துவிடும், காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அவர் மாறிக்கொண்டே வந்ததை நாங்கள் இருவருமே சரியாகப் படிக்கவில்லை. பேச்சு குறைந்தது. அரத்தைப் பிடிக்கும் முன் விரல்களை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வார். தம்ளரைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் நடுங்குகிறதா என்று பார்ப்பார். வேலை இல்லாத நேரத்திலும் கால் ஆடவில்லை. பார்த்தாயா, அடங்கிவிட்டார் என்று அக்கா சந்தோஷப்பட்டாள். ஆனால் அவளால்தான் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடையாக நடந்தாள், வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி வைத்தாள். அவரை விட்டு எழுந்துபோன பேய் இவளைப் பிடித்துக்கொண்டதோ என்று எனக்குத் தோன்றியது.

எக்ஸ்ரே வந்தது. எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். ஒரு கோலை ஊன்றி நடக்கலாம், கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாம். அக்கா ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றோடு பென்சிலைத் தூரப் போட்டுவிட்டாள். அடுத்த மூடி அப்பழுக்கில்லாமல் வந்தது. நான் போர்டைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கிக் கொடுத்தேன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. மரம் உள்ளங்கையில் வழுவழுவென்று உட்கார்ந்தது. இப்படி ஒன்றை நான் கடையில்கூடப் பார்த்ததில்லை என்று அத்தானிடம் சொன்னேன். ஏதோ குருட்டாம்போக்கில் வந்துவிட்டது என்று சொல்லிக் கட்டில் மேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய சூப்பர்வைசர் பார்க்க வந்தார். அடுத்த மாசம் வந்துவிடு, நீ இல்லாமல் பாதி லிஃப்ட் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது என்றார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே, ஸ்டோரில் ஏதாவது உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறதா என்று கேட்டார். காபி கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலையை இந்த மனுஷன் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"காலு நல்லாத்தான் இருக்கு சார். கைதான் போயிருச்சு" என்றார் அத்தான். "ஒரே துளையை நாலு தடவ தப்பா போட்டேன். தப்புன்னு போடும்போது தெரியவே இல்ல, அதான் பயமா இருக்கு. இந்தக் கையால பிரேக் வச்சிட்டு வந்தா, அதை நம்பி ஜனங்க ஏறுவாங்க."

சூப்பர்வைசர் ஏதேதோ சமாதானம் சொன்னார், கடைசியில் பார்க்கிறேன் என்று கிளம்பினார். அவர் படி இறங்குகிற சத்தம் அடங்கியதும் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முதல் மூடி தானாக விழுந்தது, மற்றதெல்லாம் நான் தேய்த்தது, எழுந்துவிடுவீர்கள் என்ற பயத்தில் தேய்த்தேன் என்றாள். அத்தான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பவில்லை.

"என் மனசு நோகக் கூடாதுன்னு பழிய உன் மேல போட்டுக்கற. எனக்குத் தெரியாதா உன்னை?" என்றார். நான் கண்ணால் பார்த்தேன் அத்தான் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்கள் என்று சிரித்து என்னையும் ஒதுக்கிவிட்டார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனாள். புது உப்புத்தாளும் பென்சிலுமாக வந்து கட்டிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். முடித்து வைத்திருந்த கூட்டை எடுத்தாள். என் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, முன் மூடியைக் கழற்றினாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அத்தனை நாள் உழைப்பில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. வேண்டாம்கா என்றேன். அவள் பென்சிலைத் துளைக்குள் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணீர் மரத்தில் விழுந்தது, அதையும் சேர்த்துத் தேய்த்தாள். முதலில் அத்தான் தடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேய்த்து முடித்து மூடியை நீட்டினாள். அவர் வெர்னியரைக்கூட எடுக்கவில்லை. துளையின் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார்.

"இடது பக்கம்" என்றார். "பென்சிலைச் சாய்ச்சுப் புடிக்கற. அதான் எப்பவும் இடது பக்கமே தின்னுருக்கு. நான் என் கண்ணே அவிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்டி."

போனை எடுத்தார். சூப்பர்வைசர் பஸ்கூட ஏறியிருக்க மாட்டார். ஸ்டோர் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள், நான் என் வேலைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகும் அக்காவைப் பார்க்கவில்லை.

"இனிமே எனக்குத் தெரியாம என்னைக் காப்பாத்தாத" என்றார்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொன்னபடி படுத்திருந்தா எனக்கு எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

இழுப்பறைப் பலகையில் இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, அத்தான் கோலை எடுக்காமலே எழுந்து அடுத்த அறைக்கு நடந்தார். அக்கா கோலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.