வராது என்று சொன்னவன்

கைபேசித் திரையில் முதலில் தெரிந்தது பனிதான். அந்த வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கோட்டு அணிந்த ஒரு பெண், இரண்டு கைகளிலும் மாவுப் பொட்டலங்கள். "எம் பொண்ணுதான் சார். அங்க கடையில எல்லாரும் மூட்டை மூட்டையா மாவு வாங்கிக்கினு போறாங்களாம். இவளும் வாங்கி வச்சிருக்கா" என்று லேப் அக்கா போனை என் மேசைமேல் வைத்தார். 2022 பிப்ரவரி. கொரோனாவில் மூடிக் கிடந்த பள்ளிகள் அப்போதுதான் திறந்திருந்தன. திண்டிவனத்தில் நகராட்சித் தேர்தல் நேரம். ஆசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வாக்குக் கேட்டுக்கொண்டே போனது. அது தெருமுனை திரும்பும்வரை இருவரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் எங்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் முதல் தலைமை ஆசிரியர் வரை எல்லோருக்கும் லேப் அக்கா. கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். மல்லாட்டைப் பயிர் போட்டுக்கொண்டிருந்த நிலத்தை விற்று மகளை உக்ரைனுக்கு மருத்துவம் படிக்க அனுப்பியிருந்தார். கார்கிவ் நகரம், நான்காம் ஆண்டு. நான் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் வரலாற்று ஆசிரியர். வழியிலேயே இரண்டு செய்தித்தாள்களை வரி விடாமல் படித்துவிடுவேன். அந்தப் பழக்கத்தால் உலக விவகாரம் எதுவானாலும் என்னிடம் கேட்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்பது எனக்கும் பிடித்திருந்தது.

"யுத்தம் கித்தம் வந்துடுமா சார்? பொண்ணு வர்றேன் வர்றேன்னு பேஜாரு பண்ணுது. காலேஜுல நேரா வந்துதான் படிக்கணுங்கறாங்களாம். இப்ப வந்துட்டா அட்டெண்டன்ஸ் போயிடும், வருசம் போயிடும். நீங்க வரலாறு. ஒங்களுக்குத் தெரியாததா?"

அன்று காலைதான் பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போர் நடத்தியிருந்தேன். உலகத்தின் திருப்புமுனைகளைக் கதையாகச் சொல்வதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சரயேவோவில் இளவரசரின் கார் ஓட்டுநர் தவறான தெருவில் திரும்பியதையும், அங்கே ஒருவன் துப்பாக்கியோடு நின்றதையும் சொல்லும்போது வகுப்பே மூச்சடக்கிக் கேட்கும். அதற்குப் பிறகும் பல வாரங்கள் ஐரோப்பாவில் பலர் கோடை விடுமுறையைக் கழித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்றும், நாடுகளுக்குள் இவ்வளவு வியாபாரம் நடக்கும்போது யார் சண்டைக்குப் போவார்கள் என்று படித்தவர்களே நம்பினார்கள் என்றும் அன்றும் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்தபடியே அக்காவிடம் சொன்னேன்: "வராதுக்கா. இதெல்லாம் மிரட்டல். இந்தக் காலத்துல எவன் படையோட போயி ஒரு பெரிய நாட்டுல எறங்குவான்? வியாபாரமெல்லாம் படுத்துடும்."

அக்காவின் முகம் தெளிந்தது. உடனே மகளை அழைத்து, "சார்கிட்டயே கேளு" என்று போனை என் கையில் கொடுத்தார். பின்னால் கார்கள் போகும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். "பிரெண்ட்ஸ் ரெண்டு பேர் கெளம்பிட்டாங்க சார். எனக்கு ஞாயித்துக்கிழமை ஒரு டிக்கெட் இருக்கு. போடட்டுமா?" என்றாள். குரலில் பயத்தைவிடத் தயக்கம்தான் இருந்தது. வருடத்தை வீணாக்காதே, ஊர் பேச்சைக் கேட்டு ஓடி வராதே என்று அறிவுரை சொன்னேன். "சரிங்க சார்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை போனது. நாலாம் நாள் வியாழக்கிழமை காலை, பஸ் கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் நின்றபோது பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் போர் தொடங்கிவிட்ட செய்தி ஓடியது. கார்கிவ் என்ற பெயரை அவர் தப்பாக உச்சரித்தார்.

பள்ளிக்குப் போனதும் ஆய்வகத்துக்கு ஓடினேன். அக்கா சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். "கீழ ரூம்ல இருக்காளாம் சார். அண்டர்கிரவுண்டு" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் வந்த நாட்களில் அந்தக் கைபேசி ஆய்வக மேசையில் பியூரெட் தாங்கிமேல் சாய்த்து வைக்கப்பட்டே இருந்தது. மகள் பேசமாட்டாள், சார்ஜ் தீர்ந்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு சொல் வரும்: 'இருக்கேன்'. பிள்ளைகளும் அந்த மேசையைக் கடக்கும்போது சத்தமில்லாமல் நடந்தார்கள். நான் என் பாடவேளைகளை முடித்துவிட்டு அங்கே போய் நிற்பேன். எதற்கு நிற்கிறேன் என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, நகரைவிட்டு உடனே வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போய்விடுங்கள் என்று இந்திய மாணவர்களுக்கு அறிவிப்பு வந்தது. 'நடக்கறோம்' என்று அனுப்பினாள். அதோடு நின்றுவிட்டது. மறுநாள் காலையிலும் ஒன்றுமில்லை. அக்கா விடுப்பு எடுக்கவில்லை. அலமாரியிலிருந்த வேதிப்பொருள் பாட்டில்களையெல்லாம் இறக்கி, பழைய சீட்டுகளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்து, புதிய சீட்டுகளில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். நன்றாக இருந்த சீட்டுகளையும் உரித்தார். நானும் உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தேன். மதிய மணி அடித்து ஓய்ந்தபோது என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"நான்தாங்க்கா இருக்கச் சொன்னேன்" என்றேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பெயரை முடித்துவிட்டுத்தான் பேசினார். "நீங்க வரும்னு சொல்லியிருந்தா, நான் கணக்கு சாரப் போய்க் கேட்டிருப்பேன். அவரும் வரும்னு சொன்னா, ஊர்ல வேற யாரையாவது. வராதுன்னு சொல்ற ஆள் கெடைக்கிற வரைக்கும் கேட்டுக்கினே இருந்திருப்பேன் சார். அவ அங்க இருந்து படிக்கணும். அதுதான எனக்கு வேணும்?"

அவர் என்னை மன்னித்துவிட்டதாக இன்றுவரை நான் எடுத்துக்கொள்ளவில்லை. குற்றத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் இருபது ஆண்டுகளாக நான் நடத்திவந்த பாடத்தில் இல்லாத ஒன்று அந்தப் பதிலில் இருந்தது. போருக்கான காரணங்களை ஐந்து குறிப்புகளாக எழுது என்போம். பிள்ளைகள் ஐந்தையும் எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். அந்த ஐந்தும் அன்றைய மனிதர்களின் கண்ணெதிரிலேயே இருந்தன. பார்க்காமல் இருக்க அவர்களுக்கு வயலும் கல்யாணமும் தேர்வும் இருந்தன. வேண்டாத பதிலைச் சொன்னவரை விட்டு விலகி, வேண்டிய பதிலைச் சொல்லும் வாய் எங்கே என்று தேடிப் போனார்கள். அப்படி ஒரு வாயாக நானும் இருந்திருக்கிறேன்.

மூன்றரை மணிக்குக் கைபேசி அதிர்ந்தது. வேறொருவர் எண்ணிலிருந்து, 'இருக்கேன் மா'. அக்கா அழவில்லை. பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. மகள் இருட்டறைகளிலும் ரயிலிலும் எல்லை வரிசையிலும் பல நாள் கழித்து, போலந்து வழியாக டெல்லிக்கும் அங்கிருந்து சென்னைக்கும் வந்து சேர்ந்தாள்.

அவள் ஒருமுறை பள்ளிக்கு வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். சாலையில் ஜல்லி லாரி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "குண்டு விழறதுக்கு மொத நாள் சாயங்காலம் துணி தொவச்சுப் போட்டேன் சார். குளுருல காயல. காலையில எடுத்துக்கலாம்னு உட்டுட்டேன்." போரைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். மிச்சப் படிப்பை வேறொரு நாட்டில் முடிக்கப் போனாள். அக்கா மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

இப்போது தொலைக்காட்சியில் வேறொரு போர், வேறு வரைபடங்கள், வேறு அம்புக்குறிகள். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியர்கள் எங்கள் அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். மதிய உணவு வேளையில் அவர்களில் ஒருவர் என் மேசைக்கு வந்து, "என்ன சார், பெருசாயிடுமா?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை, பிள்ளை வர நினைத்தால் வரச் சொல்லுங்கள் என்கிறேன். அவர் அதே கேள்வியோடு அடுத்த மேசைக்குப் போகிறார்.