நூறு தொலைந்த நாற்பது

“பதினொண்ணு போச்சு. பன்னெண்டு பாதிதான் வந்துச்சு. திரும்ப எண்ணும்மா.”

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, காணாமல்போன எண்களைத் தேயிலை உறையின் பின்பக்கம் குறித்துக்கொண்டார் துர்துபெக். மறுமுனையில், கணவாய் அடிவாரத்து மருந்தகத்தின் செவிலி பெர்மெட், அலுத்துக்கொண்டே ஒன்றிலிருந்து இருபது வரை மறுபடி எண்ணத் தொடங்கினாள். குரல் அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க, வாரம் தவறாமல் செய்யும் வேலை இது. கணினியை அவர் நம்புவதில்லை. “திரை பச்சையா சிரிக்குது, குரல் மட்டும் செத்துக் கெடக்கு” என்பார்.

தாஷ்கெச்சு ஆம்புலன்ஸ் நிலையத்தின் நெட்வொர்க்குக்கு அவர் ஒருவர்தான் ஆள். ஐம்பத்தாறு வயது. கோடையிலும் கழற்றாத ஆட்டுத்தோல் உள்சட்டை. போன் பேச்சும் கேமராப் படமும் கடந்துபோகும் ஸ்விட்ச் பெட்டியின் சூட்டில் நனைந்த காலுறைகளைக் காயப்போடுவார். கேலி செய்தால், “இதால ஆகுற ஒரே உபகாரம் அதுதான்” என்று பதில் வரும்.

அந்தப் பெட்டியில் மருந்தகத்துக்குப் போகும் கம்பியைச் செருகிய போர்ட் மட்டும் பழையது, மெதுவானது. அந்தத் தடத்தில்தான் இயக்குநர் ஆறு கேமராக்களை மாட்டவைத்திருந்தார். படம் முண்டியடித்துக்கொண்டு போனது. பேச்சு வரிசையில் நின்று உதிர்ந்தது. பேச்சை முன்னால் விடும் ஏற்பாடு மற்ற போர்ட்களில் உண்டு, இதில் போடவில்லை. போட்டால் ஸ்விட்சை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். அதற்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும்.

“ஒத்தைப் பாலம் சார். ஆம்புலன்ஸை முன்னால விடணும். நாம லாரியை விட்டுக்கிட்டிருக்கோம்” என்று இயக்குநரிடம் சொல்லிப்பார்த்தார் துர்துபெக்.

“பேசினா கேக்குதுல்ல? அப்புறம் என்ன? ஓடுற வண்டியில கை வைக்காதே.”

துர்துபெக் எழுதிக் கொடுத்த மூன்று மனுக்களும் இயக்குநரின் மேசையிலேயே தூங்கின.

பிப்ரவரியில் ஒரு காலை, தேனீ வளர்க்கும் சூரோன்பாய்க்கு நெஞ்சுவலி. பெர்மெட்தான் அழைத்தாள். நிலையத்தில் எடுத்தவர் குல்பாரா, பதினேழு வருட அனுபவம். “மில் தெரு நூத்தி நாப்பது” என்று பெர்மெட் சொன்னதில் நூறு வழியிலேயே விழுந்தது. “எத்தனை? எத்தனைன்னு சொன்னே?” என்று குல்பாரா இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் “…நாப்பது” மட்டுமே வந்தது. வண்டி நாற்பதாம் எண் வீட்டில் நாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்ற இருபது நிமிடத்தில், நூற்றி நாற்பதில் சூரோன்பாய் இறந்துபோனார்.

விசாரணைக்குப் பதிவான பேச்சோடு போனார் துர்துபெக். குழு முன்னால் அதை ஓடவிட்டார். அறுந்த குரலை எல்லோரும் கேட்டார்கள்.

“சரியா கேக்கலேன்னா மூணாவது தடவை கேக்க வேண்டியதுதானே?” என்றார் இயக்குநர். குழு தலையாட்டியது. மூன்று மனுக்களையும் யாரும் தேடவில்லை. குல்பாராவின் வேலை போனது.

மறுநாளே இயக்குநரின் கையெழுத்து வந்தது. கேமராக்களுக்கு அளவு வைத்து, பேச்சை முன்வரிசைக்குத் தள்ள துர்துபெக்குக்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. பெர்மெட் எண்ணிய இருபதும் முழுசாக வந்து சேர்ந்தன. “எவ்வளவு சுத்தமா கேக்குது பைகே!” என்று, அண்ணன் முறை சொல்லி அவள் பூரித்தபோது, துர்துபெக் இணைப்பைத் துண்டித்தார்.

மார்ச்சில், குரலைச் சரிசெய்ததற்காக அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இயக்குநரின் கையைக் குலுக்கி வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமைச் சந்தையில் குல்பாரா ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போகத்தான் நினைத்தார் துர்துபெக். கால் அங்கேயே போய் நின்றது. இரண்டு கிலோ கேட்டார்.

“இப்ப நல்லா கேக்குதாமே பைகே?” தராசைப் பார்த்தபடியே கேட்டார் குல்பாரா.

“கேக்குது.”

“நல்லது.”

துர்துபெக் கையை நீட்டினார். குல்பாரா பையின் வாயை இறுக்கி முடிச்சிட்டார். பிறகு அதை, நீட்டிய கைக்கு ஒரு சாண் தள்ளி, பலகையின் மேல் வைத்தார்.