ஹேமாவின் மெட்டல், என்னுடைய மரம்

ஹேமா இறந்துவிட்டாள். இன்று காலை பரமக்குடியிலிருந்து அவள் மகள் போன் செய்தாள். ராத்திரி தூக்கத்திலேயே... என்றாள்.

இங்கே ஃபேஸ்புக்கில் நான் அதிகம் எழுதுபவள் இல்லை. அஞ்சலியெல்லாம் எழுதியதே இல்லை. ஆனால் இதைச் சொல்ல இன்று எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி. நான் சமயநல்லூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தவள். கல்லூரி பேண்டில் நானும் ஹேமாவும் பிக்கோலோ வாசித்தோம். சின்னக் குழல் அது, புல்லாங்குழலில் பாதி நீளம்தான் இருக்கும். ஆனால் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்.

டிரம்மெல்லாம் கல்லூரியில் இருந்தது. பிக்கோலோவை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்துதான் கடைக்குப் போனோம். கடைக்காரர் செகண்ட் ஹேண்டில் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒன்று கறுப்பு மரம். இன்னொன்று பளபளவென்று மெட்டல்.

ஹேமா மெட்டலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஜில்லுனு இருக்குடி... எனக்கு இதான்."

தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அடிக்கும் மதுரை வெயில் இருவருக்குமே நினைவு வரவில்லை.

நான் மரத்தை எடுத்தேன். சத்தம் மென்மையாக இருக்கும் என்று லைப்ரரியில் படித்திருந்தேன். "வெயில்ல வச்சுறாதீங்கம்மா, விரிசல் விட்டுரும்" என்றார் கடைக்காரர்.

"பாத்தியா... உன்னுது சீக்காளி" என்றாள் ஹேமா.

மறுநாள் பிராக்டீஸ். கேலரிப் படியில் வெயிலில் கிடந்த மெட்டலை எடுத்து உதட்டில் வைத்தவள் "ஆத்தீ!" என்று அலறினாள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் வந்தால் அதில்தான் திட்டுவாள், எனக்குப் புரியாது என்கிற தைரியத்தில். அன்று குழலைத் திட்டினாளா என்னைத் திட்டினாளா, தெரியவில்லை.

இருவரும் சேர்ந்து வாசித்தபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. வெயில் ஏற ஏற மெட்டலின் சுருதி ஏறிக்கொண்டே போகும். மரம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ஒரே மெட்டுதான், ஆனால் காது கூசும்.

"என்னங்கடி இது, ரெண்டு கொசு சண்ட போடுற மாதிரி? ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒருத்திதான் வாசிக்கணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் பி.டி. மேடம்.

ஹேமாவுக்கு அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. அடுத்த மாதம் கல்யாணம். இன்னொரு தடவை மைதானத்தில் நின்று வாசிக்க அவளுக்குக் கிடைக்காது. நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

"போடி... நீ இல்லாம நான் மட்டும் அங்க நின்னு என்ன பண்ண?" வெந்த உதட்டைத் தடவிக்கொண்டாள். "சேந்து வாசிச்சாத்தானே சண்ட? முத பாதி நீ வாசி. மிச்சம் நான்."

அப்படியே வாசித்தோம். நான் நிறுத்திய இடத்தில் அவள் எடுத்துக்கொண்டாள். சீஃப் கெஸ்ட் மிகவும் பாராட்டினார். "ஐடியா என்னுதுதான் சார்" என்றார் மேடம். ஹேமா என் இடுப்பில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் ஒன்று... சேர்ந்து மட்டும் நாங்கள் வாசிக்கவே இல்லை.

"மார்கழில விடியக்காலம் வாசிப்போம்டி. அந்தக் குளிருக்கு ரெண்டும் ஒத்துப்போயிரும்" என்பாள்.

ஒத்துப்போகாது என்பேன் நான். எதையும் அப்படி எளிதாக நம்பி எனக்குப் பழக்கமில்லை.

"பெட்டு?"

"பெட்டு."

கல்யாணமாகிப் பரமக்குடி போனாள். ஒரு தீபாவளிக்கு மறுநாள் போன் செய்தாள். "மாமியார் வெள்ளிச் சாமானோட சேத்து என் குழலையும் விபூதி போட்டுத் தேச்சுட்டாங்கடி! வெள்ளின்னு நெனச்சுட்டாங்க. துளைய மூடுற கீயெல்லாம் ஒட்டிக்கிச்சு, ஒண்ணும் அமுங்க மாட்டேங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு சித்திரையில், திருவிழாவுக்கு வந்தவள் என் பழங்காநத்தம் வீட்டுக்கும் வந்தாள். மரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் விரிசல் விடலையா? அம்புட்டுப் பத்திரமா வச்சிருக்க..."

"சீக்காளின்னு நீதான சொன்ன?"

கொஞ்சம் ஊதிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னுது மாதிரி இல்ல."

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "அதச் சரி பண்ணிட்டு மார்கழிக்கு வாரேன்டி."

ஒரு மார்கழியில் அவள் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. இன்னொன்றில் மகளுக்குப் பரீட்சை. அப்புறம் எனக்கு ஏதோ வேலை... பரமக்குடி ஒன்றும் தூரமில்லை.

இன்று காலை அவள் மகள் போனை வைக்கும் முன் கேட்டாள். "ஆன்ட்டி, அம்மா பீரோவுல அந்தக் குழல் இருக்கு. போன வருசம் ரிப்பேர் பண்ணி வாங்கிட்டு வந்தாங்க. இப்ப கீயெல்லாம் நல்லா அமுங்குது. உங்ககிட்ட சொன்னாங்களா?"

சொல்லவில்லை.

பரமக்குடி பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் மரத்தை வெளியே எடுத்தேன். என் பாதியை வாசித்தேன். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன்.

அந்தப் பெட்டில் நான் தோற்றிருக்கலாம், ஹேமா.

போய் வா.