மூன்றாவது ஜோடி பூட்ஸ்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் நியூஜெர்சியில் பார்சிப்பனிக்குப் போய் ரெனிஷின் இடது காலைப் பார்க்கட்டும். சுண்டுவிரலும் அடுத்த விரலும் இருக்காது. கேட்டால் "ஆக்ஸிடென்ட்" என்பான். அவன் மனைவி ஜோவானா பக்கத்தில் இருந்தால் காபி கலக்க எழுந்து போய்விடுவாள். நடந்ததை முழுதாகச் சொன்னவள் அவள்தான். ஏரியின் பெயர் மட்டும் வேண்டாம் என்பது அவள் நிபந்தனை.

1994. நியூஜெர்சி உறைந்து கிடந்த குளிர்காலம். ரெனிஷின் ஆபீஸில் இருந்த அமெரிக்கர்களுக்கு எந்நேரமும் ஒரே பேச்சு. உறைந்த ஏரியின்மேல் நடந்து போவார்களாம். கூடாரம் போட்டு, பனியைத் துளைத்து, மீன் பிடிப்பார்களாம். "உனக்கெல்லாம் அந்தக் குளிர் தாங்காது" என்று ஒருவன் சிரிக்க, தூத்துக்குடிக்காரனுக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே ஒரு மடக்குக் கூடாரத்தை வாங்கி வந்துவிட்டான்.

"கடல்ல மீன் பிடிச்சது உங்க பாட்டன். நீங்க மார்க்கெட்டுக்குப் பை தூக்கிட்டுப் போன ஆளு" என்றாள் ஜோவானா.

"திங்கக்கிழமை ஆபீஸ்ல மீனோட போட்டோ காட்டுறேனா இல்லையா பாரு. நீயும் வர்ற."

"குளிராதுன்னு கேரண்டி குடுங்க. வரேன்."

அந்த கேரண்டிக்காகத்தான் வெள்ளித்தாள் வந்தது. ஹார்ட்வேர் கடையில் சுருளாக விற்பார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். நடுவில் காற்றுக் குமிழிகள். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் திருப்பி அனுப்பும். ஹாலில் கூடாரத்தைப் பரப்பி இரண்டு பேரும் ஒட்ட ஆரம்பித்தார்கள். டேப் துணியில் நிற்கவில்லை. ஜோவானா தூண்டில் நரம்பைக் கோணி ஊசியில் கோத்து மூலைக்கு மூலை தைத்தாள். ஹீட்டர் எரியும்போது காற்று வேண்டுமே என்று மேலே இருந்த ஜன்னலை மட்டும் விட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்த தாள், நடுவில் மீன் துளைக்கு வட்டம் வெட்டி, தரைக்கு.

அப்போதுதான் அவள் அந்தச் சட்டத்தைப் போட்டாள்.

"பூட்ஸோட மிதிச்சா கிழிஞ்சிரும். வாசல்ல கழட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

"பனிமேலயா? லூசா நீ?"

"வீட்டுக்குள்ள செருப்போட வருவீங்களா?"



பிப்ரவரி ஐந்து, சனிக்கிழமை. மதியம் இரண்டு மணி. கண் கூசும் வெயில். ஆனால் குளிர் மூக்குக்குள் ஊசியாக இறங்கியது. கரையிலிருந்து அரை மைல் உள்ளே கூடாரம் போட்டார்கள். சுற்றிலும் வெள்ளை வெளேரென்ற பனி. ஆள் அரவம் இல்லை. இரண்டு ஜோடி பூட்ஸையும் வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே போனார்கள்.

வேலை வீண்போகவில்லை. சின்ன ஹீட்டர்தான். பத்து நிமிடத்தில் ஜோவானா கோட்டைக் கழற்றிவிட்டாள். சுற்றிலும் வெள்ளிச் சுவர். ரெனிஷ் துளைக்குள் தூண்டிலை இறக்கிவிட்டு, ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தான்.

மூன்று மணி இருக்கும்.

சரக்... சரக்... சரக்...

பனியை மிதித்து யாரோ வருகிற சத்தம். நேராகக் கூடாரத்தை நோக்கி வந்தது. வாசலில் நின்றது.

பிறகு... டொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி, டொப்.

ஜோவானாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் கேட்கிற சத்தம். யாரோ பூட்ஸைக் கழற்றுகிறார்கள்.

"யாரு?" என்றான் ரெனிஷ்.

ஜோவானா ஜிப்பை ஒரு சாண் இறக்கி எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை. வெறும் வெயில். கீழே பார்த்தாள். அவளுடைய பூட்ஸ். அவனுடைய பூட்ஸ். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ஜோடி. பழசு. கறுப்பு. சொட்டச் சொட்ட ஈரம்.

"இன்னொரு ஜோடி இருக்கு."

"அப்ப நம்ம ஊர்க்காரனாத்தான் இருப்பான்" என்று ரெனிஷ் சிரித்தான். "அமெரிக்கன் எவன் வாசல்ல கழட்டுவான்?"

அவள் சிரிக்கவில்லை. ஜிப்பை மேலே இழுத்தாள்.

அதற்குப் பிறகுதான் குளிர ஆரம்பித்தது.

ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. ரெனிஷ் முழுசாகத் திருகிவிட்டான். ஜுவாலை எழும்பியது. குளிர் அதைவிட எழும்பியது. கழற்றிய கோட்டை அவள் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

எதிர் மூலையைப் பார்த்தாள். மீன் பெட்டி இருந்த மூலை. அங்கே யாரும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து வெள்ளித்தாளில், உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்தில், ஒரு வட்டம் மங்கியிருந்தது. உள்ளங்கை அளவு.

கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே... அது மாதிரி.

மங்கியது. தெளிந்தது.

மங்கியது... தெளிந்தது.

"என்னங்க. மூச்சைப் பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்க."

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். ஹீட்டரின் 'உஸ்' மட்டும்.

மங்கியது.

தெளிந்தது.

மங்கியது.

இந்த முறை வட்டம் ஒரு அடி பக்கத்தில் இருந்தது. ரெனிஷின் பக்கம்.

ஜோவானா வாசலைப் பிய்த்துத் திறந்தாள். தன் பூட்ஸுக்குள் காலைத் திணித்தாள். ரெனிஷ் பின்னால் பாய்ந்து வந்தவன் அப்படியே நின்றான்.

"ஜோ... என் பூட்ஸ் எங்க?"

இல்லை.

அந்தப் பழைய ஜோடி மட்டும் இருந்தது. உள்ளே விளிம்பு வரை தண்ணீர் உறைந்து, ஏரியோடு ஏரியாக ஒட்டிக்கொண்டு. எடுத்துக்கொண்டு போன காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

கரைக்கு அரை மைல். வெறும் காலுறையோடு அந்தப் பனியில் நடந்தால் கால் போய்விடும். அவளுடைய பூட்ஸ் அவன் பாதி பாதத்துக்குக்கூடக் காணாது.

அவள் வெளியிலிருந்தே கையை நீட்டி, வாசலோரத்து வெள்ளித்தாளைப் பிடித்து இழுத்தாள். தைத்த நரம்பு படபடவென்று தெறித்தது. இரண்டாகக் கிழித்தாள். கோட் பையில் மிச்சம் இருந்த டேப். அவன் ஒவ்வொரு பாதத்தையும் தாளால் பொட்டலமாகச் சுற்றி ஒட்டினாள். உள்ளே நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"நடங்க."

நடந்தார்கள்.

கால்வாசி தூரம்.

சரக்... சரக்... சரக்...

பின்னால்.

நின்றார்கள். அதுவும் நின்றது.

நடந்தார்கள். அதுவும்.

"கிழிஞ்சிருச்சு ஜோ. இடது கால்."

"நிக்காதீங்க."

"ஒட்டிரு. ஒரே நிமிஷம்..."

"திரும்பாதீங்க. நிக்காதீங்க."

அவள் பிடரியில் ஒரு மூச்சு பட்டது.

சில்லென்று.

ஓடினார்கள்.

கரை மண்ணில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. மணி நாலு பத்து. இன்னும் வெயில் இருந்தது. ஏரியில் ஒரு ஈ காக்காய் இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். டாக்டரிடம் பூட்ஸ் தொலைந்துவிட்டது என்றார்கள். கூடாரத்தை எடுக்க யாரும் திரும்பிப் போகவில்லை.

மார்ச் கடைசி. பனி உருகிவிட்டது. ஒரு நாள் காலை வீட்டுக்குப் போன் வந்தது. ஜோவானா எடுத்தாள். அந்த ஏரிக்கரை ஊரின் போலீஸ்காரர்.

"ரெனிஷ் வீடுதானே? ஒரு பூட்ஸுக்குள்ள இந்தப் பெயரும் நம்பரும் எழுதியிருக்கு."

ரெனிஷின் ஹாஸ்டல் பழக்கம் அது. எது வாங்கினாலும் மார்க்கர் பேனாவை எடுத்துவிடுவான்.

"ஆமா, எங்களுதுதான். எங்க கிடைச்சுது?"

"ஏரியில. ஒரு பிணத்தோட கால்ல. லேஸெல்லாம் இறுக்கிக் கட்டியிருக்கு. அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா? எப்போ குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல. ஜனவரி கடைசியிலதான் வாங்கினோம். பிப்ரவரி அஞ்சாம் தேதி காணாமப் போச்சு."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"மேடம், இந்த ஆள் ஏரிக்குள்ள விழுந்தது டிசம்பர் முப்பது. கனம் இழுக்குதுன்னு தன் பூட்ஸைக் கழட்டி பனிமேல எறிஞ்சிருக்கார். அந்த ஜோடி அன்னிக்கே கிடைச்சிருச்சு. இதோ, ஸ்டேஷன்ல என் பின்னாடி அலமாரியில இருக்கு."

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"உங்க பூட்ஸ் காணாமப் போன தேதியை இன்னொரு தடவை சொல்றீங்களா?"