மேஜைக்கடியில் ஒரு ஜோடி செருப்பு

மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்கில் சுமை தூக்குபவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்ட வழக்கில் நான்தான் முதல் சாட்சி. அரசு வழக்கறிஞர் ஒல்லியான பாலக்காட்டு அம்மாள். எழுந்து பேசும்முன் செருப்பை மேஜைக்கடியில் கழற்றிவிட்டு வெறுங்காலில்தான் வாதாடுவார். ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் சாட்சியம் பாதியில் நிற்கும்போது, அரசு வழக்கறிஞர்களின் ஓய்வு வயதைக் குறைத்து உத்தரவு வந்தது. அந்த மாதக் கடைசியோடு அவர் போக வேண்டும்.

"இனி யாரு மேடம் எனக்காகப் பேசுவா? குறுக்கு விசாரணையில என்னைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க" என்றேன், நீதிமன்ற வராந்தாவில்.

அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம். சர்க்கார் விதியை மாத்தலாம், என் நாற்காலியை எடுத்துக்கலாம். நீங்கோ அன்னிக்குப் பார்த்ததை யாரும் மாத்த முடியாது, கேட்டேளா. இந்தக் கேஸைப் பாதியில விட்டுட்டு நான் போகமாட்டேன்."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாய்தாவில் அவருடைய நாற்காலியில் புதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் துணையாகப் பின்வரிசையில், இறந்தவரின் மனைவி அமர்த்திய வக்கீலாக, அதே அம்மாள். கூண்டில் ஏறியதும் கீழே பார்த்தேன். பின்வரிசை மேஜைக்கடியில் அம்மாளின் செருப்பு கழன்று கிடந்தது. எதிர்த்தரப்பு வக்கீலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.